காதுவரை இறங்கிய தொப்பி

சாரி-தால்,
மே 14

மதிப்பிற்குரிய சம்பந்தி தோலோமுஷ் அவர்களுக்கு,

சுயுன்பாய் எழுதுவது. உங்கள் வீட்டில் ஆளும் ஆடும் மாடும் தேனீயும் நலம்தானே? சம்பந்தியம்மா புபுகானின் முழங்கால் வலி தேவலையா? இங்கே அனைவரும் நலம். என் மகன் மெடெரும் உங்கள் மகள் பெர்மெட்டும் நலம். பேத்தி உமாய்க்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் முறைக்கிறாள். அது யார் வீட்டு ஜாடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். இரண்டு முறை நீங்கள் பாதியில் வைத்தீர்கள், ஒரு முறை நான் வைத்தேன். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் பால் வண்டிக்கார எசென்கானிடம் கொடுத்தனுப்புகிறேன். பாவம், ஏப்ரல் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனதிலிருந்து உங்கள் கோக்-ஜாருக்கு வர அவன் எழுபத்து நான்கு கிலோமீட்டர் சுற்றுகிறான். முன்பெல்லாம் ஆற்றைத் தாண்டி ஒரு தும்மல் போட்டால் உங்கள் நாய் குரைக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். நம் இரண்டு ஊருக்கும் சேர்ந்த கிராம சபையில் எங்கள் கழுகுக் கட்சிக்குப் பத்துப் பேர், உங்கள் வரையாட்டுக் கட்சிக்குப் பத்துப் பேர். எந்தக் கட்சியிலும் சேராத இருபத்தோராவது மனிதர் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். புத்திசாலி. புதுப் பாலம் எங்கள் மாவு மில் பக்கம், கீழே வரவேண்டும் என்கிறோம் நாங்கள். உங்கள் பள்ளிவாசல் பக்கம், மேலே வரவேண்டும் என்கிறீர்கள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பத்துக்குப் பத்து விழுந்தது. அதன்பின் மேஜை கவிழ்ந்தது.

அந்த ரகளையில் நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. எழுந்திருந்தால் ரொட்டி என்னை அடிக்கட்டும் என்று ரொட்டியைக் கையில் ஏந்தி எல்லோர் முன்னும் சத்தியம் செய்தேன். நீங்களும் அப்படியே செய்தீர்கள். ஆகவே மேஜை தானாகக் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

"மேல்பாலத்தானுக்கு என் வாசல்ல ரொட்டி கிடையாது" என்று நான் கத்தியது உண்மை. "மேல்பாலம் வர்ற வரைக்கும் உன் வாசலை மிதிச்சா என் கால் ஒடியட்டும்" என்று நீங்கள் கத்தியதும் உண்மை. நீங்கள் உங்கள் வார்த்தையை முதலில் திரும்பப் பெற்றால் நான் என்னுடையதைப் பற்றி யோசிக்கிறேன்.

அன்றைய மழையில் நனைந்து என் தொப்பி பெருத்துவிட்டது போலிருக்கிறது. காதுவரை இறங்குகிறது. மற்றபடி குறையில்லை.

அன்புடன்,
சுயுன்பாய்

*

கோக்-ஜார்,
மே 23

சம்பந்தி சுயுன்பாய் அவர்களுக்கு சலாம்.

இங்கே ஆள், ஆடு, மாடு, தேனீ எல்லாம் சுகம். புபுகானின் முழங்காலும் சுகம், அவள் வாய் அதைவிடச் சுகம். அங்கே சுகமா? உங்கள் வீட்டம்மா ஜீபாருக்கு இருமல் நின்றதா?

நான் டிராக்டர் ஓட்டினவன், இப்போது தேனீ வளர்க்கிறவன். சுற்றி வளைத்து எழுத வராது. என் வார்த்தையை நான் திரும்பப் பெறமாட்டேன். முதலில் கத்தியது நீங்கள்.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று பெர்மெட்டுக்குச் சொல்லியனுப்பினேன். "ரெண்டு பேரும் சமாதானம் ஆனா வர்றேன். அதுவரைக்கும் நான் எந்தக் கட்சிக்கும் தபால்காரி இல்லை" என்று பதில் வந்தது. இந்தப் பிடிவாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபின் பிடித்த வியாதி. (புபுகான் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.)

என் தொப்பி அதே மழையில் சுருங்கிவிட்டது. தலைக்கு மேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி நிற்கிறது, நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி. ஒரே மழை ஒரு தொப்பியைப் பெருக்கவும் இன்னொன்றைச் சுருக்கவும் செய்யுமா? நீங்கள் மாட்டு டாக்டர், நாலு எழுத்துப் படித்தவர். நீங்களே சொல்லுங்கள்.

உமாய் தவழுகிறாளா என்று ஒரு வரி எழுதவும்.

தோலோமுஷ்

*

சாரி-தால்,
ஜூன் 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அனைவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஜீபாரின் இருமல் நின்றுவிட்டது. தலைவலிக்கு, குதிரைக்கென்றால் நெற்றியில் குளிர்ந்த சேற்றுப் பற்றுப் போடுவேன். உங்களுக்கும் கேட்கும்.

தொப்பி விஷயம் விஞ்ஞானத்துக்கு எட்டவில்லை. அந்த ரகளையில் நீங்களும் எழவில்லை, நானும் எழவில்லை. எழாதவன் தலையிலிருந்து தொப்பி விழாது. விழாத தொப்பி மாறாது. ஆகவே மழைதான் காரணம்.

ஆனால் ஒரு சங்கடம். நான் தொப்பியைக் காதுவரை இறக்கி வருவதைப் பார்த்துவிட்டு, எங்கள் கட்சி இளவட்டங்கள் இரண்டு பேர் தங்கள் தொப்பியையும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். கேட்டால், "தலைவரே, கழுகுக் கட்சிக்காரன் கண்ணு மட்டும் தெரியணும். கூர்மையா இருக்கும்" என்கிறார்கள். போன வாரம் அது எட்டுப் பேராகிவிட்டது. ஒருவருக்கும் பேசுவது காதில் விழுவதில்லை. இதனால் கட்சியில் கருத்து வேறுபாடே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் ஊரிலும் உங்கள் கட்சிக்காரர்கள் சிலர் இருப்பதால், இப்போது மாடு மேய்க்கக் கட்சிக்கு ஒருவராக இரண்டு மேய்ப்பர்கள். எங்கள் கட்சிப் பசு ஒன்று அந்த மந்தையோடு போய்விட்டதற்கு மூன்று மணி நேரம் கூட்டம் போட்டார்கள். என் காளையை வரையாட்டுக் கட்சிப் பசுவுக்கு விடக்கூடாதாம். காளையைக் கேட்டார்களா என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. காது மூடியிருந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதிக்குள் இடத்தைத் தீர்மானம் போட்டு அனுப்பாவிட்டால் இரும்புப் பாலம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

உமாய் தவழுகிறாள். பின்பக்கமாக.

அன்புடன்,
சுயுன்பாய்

*

கோக்-ஜார்,
ஜூலை 2

சம்பந்திக்கு சலாம். எல்லோரும் சுகம். அங்கே சுகமா? காது எப்படி இருக்கிறது?

சேற்றுப் பற்றுப் போட்டேன். வலி போகவில்லை, ஈ வந்தது.

உங்கள் ஆட்களைச் சொல்கிறீர்களே, இங்கே பத்துப் பேரும் தொப்பியை உச்சந்தலையில் நுனியில் நிற்க வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். வரையாட்டுக் கொம்பு மாதிரி தெரிகிறதாம். காற்றடித்தால் பத்தும் பறக்கிறது. பொறுக்க ஓடுவதே கட்சிப் பணியாகிவிட்டது. தொப்பி சரியாகப் பொருந்தும் மனிதன் எவனாவது வந்தால், "நீ எந்தப் பக்கம்டா?" என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

என் தேனீக்கள் மேல் புகார் வந்திருக்கிறது. ஆற்றைத் தாண்டிக் கழுகுக் கட்சிக்காரர்களின் தீவனப் பூவில் உட்கார்ந்துவிட்டு வருகின்றனவாம். விளக்கம் கேட்டார்கள். "அதுங்க சபைக்கு வர்றதில்லையே, அதான் உழைக்க நேரம் இருக்கு" என்றேன். அந்தத் தேனில் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். பாதிக்கு மேல் உங்கள் ஊர்ப் பூதான், வெட்கப்படாமல் சாப்பிடலாம். உமாய்க்கு இன்னும் ஒரு வயதாகவில்லை, அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முன்பக்கமாகத் தவழ ஆரம்பித்தாளா? அவள் தவழ்வதை மனதில் நினைத்துப் பார்க்கப் பார்க்கிறேன், முகம் வரமாட்டேன் என்கிறது. வெள்ளத்துக்கு முன் பார்த்த அந்தச் சின்ன முகமே வருகிறது. போகட்டும்.

தோலோமுஷ்

*

சாரி-தால்,
ஜூலை 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அனைவரும் நலம். உங்கள் வீட்டில் நலம்தானே? தேன் வந்தது, நன்றி. எதிர்க்கட்சித் தேன் என்று ஜீபார் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே ஊற்றினாள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கட்சி சார்பில் ஒரு கண்டனமும் எழுத வேண்டியிருக்கிறது. அக்கரையில் ஒரு பெரிய தலைக்காரர், உச்சியில் சின்னத் தொப்பியோடு, பாறைமேல் உட்கார்ந்து தூரநோக்கியால் எங்கள் பக்கம் பார்ப்பதாக நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். கீழ்ப்பாலத்துக்கு நாங்கள் குறித்த இடத்தை வேவு பார்க்கிறார் என்பது கட்சியின் முடிவு. அதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இன்னொன்று. மாலை ஆறு மணிக்கு உமாயை எங்கள் வேலி ஓரம், ஆற்றைப் பார்த்தாற்போல், கம்பளம் விரித்து விடுவது வழக்கம். சிவப்புச் சட்டை போட்டிருப்பாள். இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் காய்ந்த ரொட்டியைக் கடித்ததில் என் முன்பல் பாதி உடைந்துவிட்டது. ஜீபார் என்னையும் பார்த்தாள், ரொட்டியையும் பார்த்தாள். தற்செயல்தான்.

அன்புடன்,
சுயுன்பாய்

*

கோக்-ஜார்,
செப்டம்பர் 3

சம்பந்திக்கு சலாம். நாங்கள் சுகம், நீங்கள் சுகமா, பல் கட்டினீர்களா?

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. தேன் எடுக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எழுதினால் என்ன எழுதியிருப்பேனோ என்று பயம்.

தினமும் ஆறு மணிக்குப் பாறைமேல் இருந்தேன். வேவு பார்க்கத்தான். உங்கள் கண்டனத்துக்கு எங்கள் கட்சி மறுப்பு அனுப்பும்.

நேற்று நீங்கள் வேலிக் கம்பியைச் சரி செய்துகொண்டு முதுகைக் காட்டி நின்றீர்கள். சிவப்புச் சட்டைக்காரி வேலியைப் பிடித்து எழுந்தாள், கையை விட்டாள், இரண்டு அடி வைத்தாள், தொப்பென்று உட்கார்ந்தாள். நீங்கள் திரும்பவே இல்லை. நான் இக்கரையிலிருந்து "சம்பந்தீ, திரும்புய்யா!" என்று கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லது அந்தத் தொப்பியால் கேட்கவில்லை. அவள் முதல் அடியை உலகத்தில் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். பிறகு அழுதேன். மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்றேன், மேல்தட்டிலிருந்து ரொட்டி ஒன்று உருண்டு உச்சந்தலையில் விழுந்தது. புபுகான், "அடிச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் நடந்துவிட்டாள் சம்பந்தி. இனி நம் வழக்கப்படி காலில் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு கட்டி, ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவன் கையால் வெட்டிவிட்டு, நாலு பேர் வாழ்த்த வேண்டும். அதை நான் தூரநோக்கியில்தான் பார்க்க வேண்டுமா?

தோலோமுஷ்

*

சாரி-தால்,
செப்டம்பர் 10

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இரண்டாவது பாதியை ஜீபார் வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று.

பெர்மெட் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "கயித்தோட ஒரு முனையை எங்கப்பா பிடிக்கணும், இன்னொரு முனையை மாமா நீங்க பிடிக்கணும். இல்லைன்னா கயிறு வெட்ட மாட்டேன். இவ கல்யாணத்துக்கும் காலைக் கட்டிக்கிட்டே போகட்டும்." நான் எதிர்த்துப் பேசவில்லை. மெடெர் எப்போதுமே பேசுவதில்லை, அதனால்தான் இந்த வீட்டில் நிம்மதியாக இருக்கிறான்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஏழு முறை வாக்கெடுத்துவிட்டோம், ஏழு முறையும் பத்துக்குப் பத்து. கீழே, மேலே என்று நாம் அடித்துக்கொள்ளும் இரண்டு இடத்துக்கும் நட்டநடுவில் பழைய பாலத்தின் இரண்டு கல்தூண்களும் அசையாமல் நிற்கின்றன. அறுபது வருடம் இரண்டு ஊரும் அதில்தான் போய்வந்தது. நான்கு மாதமாக அந்த இடத்தின் பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். அங்கே கட்டினால் யாரும் ஜெயிக்க முடியாது.

இதை நீங்கள் சபையில் முன்மொழியலாமே? நான் மொழிந்தால் என் ஆட்கள் என்னைத் தோலுரித்துக் காயப்போடுவார்கள்.

இத்துடன் ஒரு பொட்டலம். யாரோ போட்டுவிட்டுப் போன தொப்பி ஒன்று எங்கள் வேலியில் கிடந்தது. உள்ளே நீல நூல் தையல் இருக்கிறது, சம்பந்தியம்மா கைத் தையல் மாதிரி. உலகத்தில் நீல நூல் நிறைய இருக்கிறது. உங்கள் ஊரில் பெரிய தலை யாருக்காவது இருந்தால் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
சுயுன்பாய்

*

கோக்-ஜார்,
செப்டம்பர் 16

அன்புள்ள சம்பந்திக்கு சலாம். எல்லோரும் சுகம். தலைவலி நின்றது. ஏன் என்று கேட்காதீர்கள்.

எசென்கான் உங்கள் பொட்டலத்தை இறக்கும்போது நான் என் பொட்டலத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டையும் தூக்கிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே கனம்தான். இதுக்கா என்னை நாலு மாசமா சுத்த விட்டீங்க?" என்றான். இதோ என் பொட்டலம். யாருடையது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

பழைய தூண்கள் விஷயம். தினமும் அந்தப் பாறையில் உட்கார்ந்து எதைப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? குழந்தைக்கும் எனக்கும் நடுவில் நின்றது அந்த இரண்டு தூண்தான். ஆனால் நான் முன்மொழிந்தால் என் ஆட்கள் தேன்கூட்டையே என் தலையில் கவிழ்ப்பார்கள்.

அதனால் இப்படிச் செய்வோம். சபையில் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நிற்போம். கூட்டம் முடிந்தபின், உங்கள் ஊரில் "தோலோமுஷ் கெஞ்சினான், பாவம் பார்த்து இறங்கி வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். என் ஊரில் "சுயுன்பாய் காலில் விழாத குறை" என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எவனும் ஆற்றைத் தாண்டி வந்து விசாரிக்கப் போவதில்லை. பாலம்தான் இல்லையே.

தோலோமுஷ்

*

சாரி-தால்,
அக்டோபர் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்தீர்களா? சபையில் சரியாகப் பேசக்கூட முடியவில்லை, அத்தனை கூச்சல்.

நீங்கள் உள்ளே வந்த கோலம் எனக்கு மறக்காது. ஒரு பக்கம் ஒன்பது பேர் காதுவரை தொப்பி, மறுபக்கம் ஒன்பது பேர் உச்சந்தலையில் தொப்பி, நடுவில் நாம் இரண்டு பேரும் தலைக்கு அளவான தொப்பியோடு. பதினெட்டுப் பேரும் நம் தொப்பிகளையே பார்த்தார்கள். பிறகு உங்கள் ஆள், அந்தக் கொல்லர், மெதுவாகக் கேட்டார்: "அப்ப அன்னைக்கு... ரெண்டு பேரும் எழுந்திருந்தீங்களா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். உடைந்த பல் தெரிந்திருக்க வேண்டும், எல்லோரும் அதையே பார்த்தார்கள். "எழுந்தேன். மேஜையையும் தள்ளினேன். ரொட்டி ஏற்கெனவே அடிச்சிடுச்சு" என்றேன். நீங்கள் உடனே ரொட்டி விழுந்த உச்சந்தலையைத் தடவிக் காட்டினீர்களே, அங்கேதான் சபையே சிரிப்பில் உடைந்தது. எங்கள் கிழவர் ஒருவர் சிரித்துச் சிரித்துத் தொப்பியைக் கழற்றினார். நான்கு மாதத்தில் முதல் முறையாகக் காது வெளியே வந்தது. பழைய இடத்துக்கு இருபது கையும் தூக்கினார்கள். சிலர் எதற்கென்று தெரியாமலே தூக்கினார்கள், அதனால் என்ன.

இங்கே நீங்கள் கெஞ்சிய கதையைச் சொன்னேன். நன்றாக எடுபட்டது, ஒரு ஆடு வெட்டினார்கள். நீங்கள் தரையில் உருண்டதாக நான் சொல்லவில்லை, அது மற்றவர்கள் சேர்த்தது. உங்கள் ஊரில் என்னை என்ன செய்தீர்கள்?

பணியாட்கள் வந்துவிட்டார்கள். இரும்பு வசந்தத்தில்தான் வருமாம். அதுவரை நடந்து போகத் தூண்களுக்கு மேல் பலகை போடுகிறார்கள். இருபத்தைந்தாம் தேதி கயிறு வெட்டுகிறோம். பெர்மெட் நாள் குறித்துவிட்டாள், நம் இரண்டு பேரையும் கேட்கவில்லை.

என் வாசலில் உங்களுக்கு ரொட்டி எப்போதும் உண்டு. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அன்றைக்கே வருந்தினேன்.

சுயுன்பாய்

*

சாரி-தால்,
அக்டோபர் 26

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்றுத்தான் பலகைப் பாலத்தில் வழியனுப்பினேன், அதற்குள் கடிதமா என்று கேட்பீர்கள். பழக்கமாகிவிட்டது. பலகை தாண்டும்போது சம்பந்தியம்மாவின் முழங்கால் பிடித்துக்கொள்ளவில்லையே?

நல்ல நாள். கயிறு வெட்டும் ஓட்டத்தில் கழுகுக் கட்சிப் பையனும் வரையாட்டுக் கட்சிப் பையனும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டே விழ, பின்னால் வந்த எசென்கான் முதலில் வந்து வெட்டியது நல்லதாய்ப் போயிற்று. எந்தக் கட்சிக்காரன் வெட்டியிருந்தாலும் குழந்தைக்கு வெட்டினவன் குணம்தான் என்று இன்னும் இருபது வருடம் பேசியிருப்பார்கள். இப்போது அவளுக்கு ஊர் சுற்றும் குணம் வரும், வரட்டும். வெட்டியதும் நம் இருவருக்கும் நடுவில் நின்று, யாரிடமும் போகாமல், கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்தாளே, அதைச் சொல்லிச் சொல்லி ஜீபார் இன்னும் சிரிக்கிறாள்.

ஒரு சின்ன விஷயம். காலையில் தொப்பியை எடுத்து வைத்தேன், மறுபடி காதுவரை இறங்கியது. உள்ளே நீல நூல். விருந்துக் கூட்டத்தில் மாறிவிட்டது போலும். இந்த முறை மழை இல்லை, ரகளை இல்லை, எதன் மேல் பழி போடுவது என்று தெரியவில்லை. உங்கள் தலை வலிக்குமே என்று கவலை. எசென்கானிடம் கொடுத்தனுப்பட்டுமா?

சுயுன்பாய்

*

கோக்-ஜார்,
அக்டோபர் 27

சம்பந்தி,

சுகம். தலை வலிக்கிறது.

எசென்கானிடம் கொடுக்காதீர்கள். தொப்பி மாறவில்லை. இரண்டும் உங்கள் வீட்டில் ஒரே ஆணியில் தொங்கியது, நான் உள்பக்கத் தையலைப் பார்த்துத்தான் உங்களுடையதை எடுத்தேன்.

இல்லாவிட்டால் நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள்? நீங்களே நடந்து கொண்டுவாருங்கள், முந்நூறு அடிதான். ரொட்டி அடுப்பில் இருக்கிறது. சிவப்புச் சட்டைக்காரியையும் நடத்திக் கூட்டிவாருங்கள், நான் இந்தக் கரையில் பலகை முனையில் நிற்கிறேன்.

தூரநோக்கியைப் புபுகானிடம் கொடுத்துவிட்டேன்.

தோலோமுஷ்